என்விஎம்இ இன்டரப்டை வேறு சிபியுவுக்கு ஏன் மாற்ற முடியவில்லை? அதற்குப் பதிலாக என்ன செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இது. 16 கோர் கொண்ட ஒற்றைச் சாக்கெட் சர்வர், ஹைப்பர்த்ரெடிங் அணைக்கப்பட்டிருக்கிறது. அதில் 8 ஐ/ஓ கியூ (படிக்க, எழுத வரும் வேலைகளின் வரிசை) தரும் ஒரு என்விஎம்இ (வேகமான ஃபிளாஷ்) டிஸ்க். கேட்டவர் லினக்ஸ் பூட் வரியில் ஐசோல்சிபியூஸ் என்ற அளவுரு கொடுத்து, 3 முதல் 15 வரையுள்ள சிபியுக்களை ஒதுக்கி, தாமதம் பொறுக்காத ஒரு நிரலை அவற்றில் ஓட்டுகிறார். ஆனாலும் டிஸ்க்கின் இன்டரப்டுகள் (வேலை முடிந்தது என்று டிஸ்க் சிபியுவுக்கு அனுப்பும் அழைப்புகள்) அந்தச் சிபியுக்களில் வந்து விழுகின்றன. ரூட்டாக இருந்தும், ப்ராக் அடைவில் அந்த ஐஆர்க்யூவுக்குரிய (இன்டரப்ட் எண்ணுக்குரிய) எஸ்எம்பி அஃபினிட்டி கோப்பில் 1 என்று (0-ஆம் சிபியு மட்டும் என்று பொருள்) எழுதினால் 'இன்புட்/அவுட்புட் எரர்' வருகிறது. இன்டரப்டுகளைச் சிபியுக்களுக்குப் பங்கிடும் ஐஆர்க்யூபேலன்ஸ் சேவையை நிறுத்திப் பார்த்தும் பயனில்லை. நெட்வொர்க் கார்டில் இதே வேலை நடக்கிறதே, டிஸ்க்கில் மட்டும் ஏன் நடக்கவில்லை?

டிஸ்க்கில் பழுது இல்லை, அனுமதிச் சிக்கலும் இல்லை. கர்னல் தெரிந்தேதான் மறுக்கிறது. இவை 'மேனேஜ்டு' வகை இன்டரப்டுகள், அதாவது இவற்றின் அஃபினிட்டியை (எந்தச் சிபியுவுக்குப் போகவேண்டும் என்பதை) கர்னலே வைத்துக்கொள்கிறது. யூசர்ஸ்பேஸிலிருந்து (கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களிலிருந்து) யார் எழுதினாலும் திருப்பி அனுப்பிவிடும். ஐஆர்க்யூபேலன்ஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இதில் வித்தியாசம் இல்லாததற்குக் காரணம் இதுதான். அதனால் இன்டரப்ட் எங்கே விழவேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டு போராடாதீர்கள். ஐ/ஓ எந்தச் சிபியுவிலிருந்து கிளம்புகிறது என்பதைப் பிடியுங்கள். இன்டரப்ட் அதன் பின்னாலேயே போய்விடும்.

இது ஏன் என்று புரிய, கியூக்கள் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கவேண்டும். பழைய லினக்ஸ் பிளாக் லேயரில் (டிஸ்க் வேலைகளைக் கையாளும் கர்னல் பகுதியில்) ஒரு டிஸ்க்குக்கு ஒரே ரிக்வெஸ்ட் கியூ, அதற்கு ஒரே லாக் (பூட்டு). சுழலும் டிஸ்க் காலத்தில் அது போதுமானதாக இருந்தது. ஃபிளாஷ் வந்த பிறகு எல்லாச் சிபியுக்களும் அந்த ஒரு லாக்குக்காக வரிசையில் நின்றன. யென்ஸ் ஆக்ஸ்போவும் கூட்டாளிகளும் 2013-இல் வெளியிட்ட மல்டிகியூ வடிவமைப்பு, 2014 ஜனவரியில் வந்த 3.13 கர்னலில் சேர்ந்தது. பழைய ஒற்றைக் கியூ வழி 2019-இல் 5.0 கர்னலில் முழுவதுமாக நீக்கப்பட்டது. இப்போதைய அமைப்பில் ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு சாஃப்ட்வேர் கியூ இருக்கிறது. அவை டிஸ்க்கின் ஹார்ட்வேர் கியூக்களோடு இணைக்கப்படுகின்றன. என்விஎம்இ விதிப்படி ஒரு கன்ட்ரோலர் 65535 ஐ/ஓ கியூ வரை தரலாம். தாராளமாகத் தரும் டிஸ்க்கில் சிபியுவுக்கு ஒன்று கிடைக்கும். உங்கள் டிஸ்க் 8 மட்டுமே தருவதால் இரண்டு சிபியுவுக்கு ஒரு கியூ: 0-1, 2-3, 4-5 என்று போய் 14-15-இல் முடியும்.

இதை நேரிலேயே பார்த்துவிடலாம். சிஸ் அடைவில், பிளாக் என்பதன் கீழ் உங்கள் டிஸ்க்கின் பெயர், அதற்குள் எம்க்யூ என்ற அடைவு, அதற்குள் 0 முதல் 7 வரை எண்ணிட்ட அடைவுகள். ஒவ்வொன்றிலும் சிபியு லிஸ்ட் என்று ஒரு கோப்பு இருக்கும். 4-ஆம் அடைவில் அதைத் திறந்தால் '8, 9' என்று காட்டும். கவனம்: இந்த எண்கள் 0-இலிருந்து தொடங்குகின்றன. ஆனால் ப்ராக் அடைவின் இன்டரப்ட்ஸ் கோப்பில் க்யூ0 என்பது அட்மின் கியூ. ஐ/ஓ கியூக்கள் க்யூ1-இலிருந்துதான் தொடங்கும். ஆகவே எம்க்யூ அடைவின் 4 என்பதுதான் இன்டரப்ட்ஸ் பட்டியலின் க்யூ5. இந்த ஒரு எண் வித்தியாசத்தில் தவறான வரியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, டாஸ்க்செட் கட்டளையால் 9-ஆம் சிபியுவில் பூட்டி, டிடி கட்டளையை டைரக்ட் முறையில் (பேஜ் கேச்சைத் தவிர்த்து), 4 கேபி அளவில், 1000 தடவை அந்த டிஸ்க்கைப் படிக்க வையுங்கள். முன்னும் பின்னும் இன்டரப்ட்ஸ் கோப்பைப் பாருங்கள். க்யூ5 வரியில் ஏறத்தாழ 1000 கூடியிருக்கும், மற்ற வரிகள் அநேகமாக அசையாது. கூடிய எண்ணிக்கை 8-ஆம் சிபியுவின் பத்தியில் இருக்கலாம், 9-இலும் இருக்கலாம். மாஸ்க்கில் (இன்டரப்ட் போகக்கூடிய சிபியுக்களின் பட்டியலில்) இரண்டு சிபியு இருந்தாலும் எக்ஸ்86-இல் ஒரு இன்டரப்ட் ஒரு நேரத்தில் ஒரே சிபியுவுக்குத்தான் போகும். அது எது என்பதை ஐஆர்க்யூ அடைவிலுள்ள எஃபெக்டிவ் அஃபினிட்டி லிஸ்ட் கோப்பு சொல்லும். இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்த்துவிட்டால், யாரும் ஐ/ஓ அனுப்பாத கியூவிலிருந்து இன்டரப்டே வராது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். உங்கள் சிக்கலுக்கான விடையில் பாதி அதிலேயே இருக்கிறது.

சரி, கர்னல் ஏன் அஃபினிட்டியைக் கையில் இறுகப் பிடித்துக்கொள்கிறது? முதல் காரணம் கேச். ஒரு ரிக்வெஸ்ட்டை 9-ஆம் சிபியு உருவாக்கியது என்றால் அதன் விவரங்கள் அந்தச் சிபியுவின் கேச்சில் சூடாக இருக்கும். முடிந்த செய்தியை 0-ஆம் சிபியு வாங்கினால் அத்தனையையும் இழுத்து வரவேண்டும். ஆனால் இந்தக் காரணத்துக்காக மட்டும் பயனரின் கையைக் கட்டிப்போடத் தேவையில்லை. மெதுவாகப் போனாலும் பரவாயில்லை என்று சொல்ல ரூட்டுக்கு உரிமை உண்டு.

உண்மையான காரணம் சிபியுவை ஆஃப்லைன் செய்யும்போது தெரியும். 128 சிபியு, 24 என்விஎம்இ டிஸ்க் உள்ள ஒரு பெரிய சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 128 ஐ/ஓ கியூ என்றால் மொத்தம் 3072 இன்டரப்ட் வெக்டர் (சிபியுவில் ஒரு இன்டரப்டுக்கு ஒதுக்கும் எண்). எக்ஸ்86-இல் ஒரு சிபியுவுக்கு 256 வெக்டர்தான். அதில் முதல் 32 எக்செப்ஷன்களுக்கு, மேலும் சில கர்னலின் சொந்த வேலைக்கு. சாதனங்களுக்கு மிஞ்சுவது சுமார் 200. எல்லாச் சிபியுவும் ஓடும்போது ஆளுக்கு 24 வீதம் பகிர்ந்துகொள்வதால் கஷ்டமில்லை. ஆனால் ஹைபர்னேட் செய்யும்போது பூட் சிபியுவைத் தவிர மற்ற எல்லாமே அணைக்கப்படும். சாதாரண இன்டரப்ட் என்றால், சிபியு அணையும்போது அது மிச்சமிருக்கும் சிபியுவுக்கு இடம்பெயரும். 3072-ஐ ஒரே சிபியுவின் 200 இடங்களில் எப்படி அடைப்பது? முடியாது.

இதற்கு வந்த தீர்வுதான் மேனேஜ்டு இன்டரப்ட். 2016-இல் கிறிஸ்டோஃப் ஹெல்விக், தாமஸ் க்ளைக்ஸ்னர் போன்றோர் செய்த மாற்றங்களில் இது உருவெடுத்தது. டிரைவர் வெக்டர்களைக் கேட்கும்போதே கர்னல் சிபியுக்களைச் சமமாகப் பங்கிட்டு மாஸ்க்குகளை எழுதிவிடும். அதே பங்கீட்டைத்தான் பிளாக் லேயரும் கியூ இணைப்புக்கு எடுத்துக்கொள்கிறது. ஒரு மாஸ்க்கிலுள்ள கடைசிச் சிபியுவும் அணைந்தால் அந்த இன்டரப்ட் இடம்பெயராது, மூடப்படும். அந்தச் சிபியுவே இல்லாதபோது அந்தக் கியூவுக்கு ஐ/ஓ அனுப்ப ஆள் இல்லை, ஆகவே இன்டரப்டும் தேவையில்லை. சிபியு திரும்பி வந்ததும் இன்டரப்டும் திறந்துகொள்ளும். அதற்கான வெக்டர் இடம் முன்பே ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கும்.

இப்போது நீங்கள் கேட்டதைத் திரும்பப் பாருங்கள். க்யூ5-இன் இன்டரப்டை 0-ஆம் சிபியுவுக்கு நகர்த்த கர்னல் விட்டுவிட்டால், இன்டரப்டும் கியூ இணைப்பும் இரண்டு வெவ்வேறு கணக்காகிவிடும். 8-உம் 9-உம் ஓடிக்கொண்டிருக்க 0 அணைந்தால் என்ன ஆகும்? இடம்பெயர்க்கவேண்டுமா, மூடவேண்டுமா? மூடினால் ஓடும் கியூ ஊமையாகும். இடம்பெயர்த்தால் வெக்டர் கணக்கு உடையும். கர்னலின் மறுப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டு கணக்கும் பிரிந்தால் என்ன நடக்கும் என்பது 2018-இல் நிஜமாகவே தெரிந்தது. வெக்டர்களை, இருக்கும் சிபியுக்களுக்கு மட்டுமன்றி, பின்னாளில் வரக்கூடிய எல்லாச் சிபியுக்களுக்கும் சேர்த்துப் பங்கிட ஒரு மாற்றம் கொண்டுவரப்பட்டது. சில சர்வர்களின் பயாஸ், உண்மையில் இல்லாத சிபியுக்களையும் 'வரக்கூடியவை' என்று சேர்த்துச் சொல்லும். அங்கே சில வெக்டர்களுக்கு வாய்த்தவை எல்லாம் இல்லாத சிபியுக்கள். எச்பிஎஸ்ஏ, மெகாரெய்டு என்ற ரெய்டு கார்டு டிரைவர்கள் அந்தப் பங்கீட்டைப் பார்க்காமல் தாங்களாகவே ரிப்ளை கியூவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தன. ஆள் இல்லாத கியூவுக்குப் பதில் வரும்படி ஐ/ஓ அனுப்பினார்கள், டிஸ்க் பதிலும் போட்டது, ஆனால் இன்டரப்ட் வரவே இல்லை. ஐ/ஓ தொங்கியது. பின்னர் மிங் லெய் எழுதிய திருத்தங்களில், முதலில் இருக்கும் சிபியுக்களுக்குப் பங்கிட்டுவிட்டு அப்புறம் மற்றவற்றுக்கு என்று வரிசை மாறியது. டிரைவர்களும் பங்கீட்டைப் பார்த்தே கியூவைத் தேர்ந்தெடுக்கும்படி ஆயின.

அதனால், சிபியுவை அணைத்து மீண்டும் போட்டால் இன்டரப்ட் நகரும் என்று யாராவது குறுக்குவழி சொன்னால் செய்யாதீர்கள். 2020-இல் வந்த 5.8 கர்னலிலிருந்து, மாஸ்க்கின் கடைசிச் சிபியு அணையும் முன்பு அந்தக் கியூவில் பறந்துகொண்டிருக்கும் ரிக்வெஸ்ட்டுகள் முடியும்வரை பிளாக் லேயர் காத்திருக்கும். அதற்கு முந்தைய கர்னல்களில் அந்தக் காவல் இல்லை. பதில் வந்தும் இன்டரப்ட் மூடிக் கிடப்பதால், 30 விநாடி டைம்அவுட் ஆகும்வரை ரிக்வெஸ்ட் அப்படியே நிற்கும். பிறகு டிரைவர் தானே போய்க் கியூவைப் பார்த்து, 'டைம்அவுட், கம்ப்ளீஷன் போல்டு' என்று டிமெசேஜில் (கர்னல் செய்திப் பட்டியலில்) ஒரு வரி எழுதும். பழைய சர்வரில் அந்த வரியைக் கண்டால் டிஸ்க்கை மாற்ற ஓடவேண்டாம். முதலில் இன்டரப்ட் பக்கம் பாருங்கள்.

இனி உங்கள் சர்வரில் செய்யவேண்டியது. பூட் வரியில் ஐசோல்சிபியூஸுக்கு 3-15 என்று மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். அது ஷெட்யூலர் (வேலைகளைச் சிபியுக்களுக்குப் பிரிக்கும் கர்னல் பகுதி) அளவில் மட்டுமே ஒதுக்கும். 5.6 கர்னலிலிருந்து 'மேனேஜ்டு ஐஆர்க்யூ' என்ற கொடியையும் அதோடு சேர்க்கலாம். ஆனால் கொடி எதையாவது எழுதிவிட்டால், பழைய இயல்பான 'டொமைன்' கொடி தானாக வராது. மேனேஜ்டு ஐஆர்க்யூ, டொமைன், 3-15 என்று மூன்றையும் எழுதுங்கள். டொமைனை விட்டுவிட்டால் ஷெட்யூலர் ஒதுக்கம் சத்தமில்லாமல் போய்விடும், சாதாரண வேலைகளெல்லாம் உங்கள் சிபியுக்களில் ஏறிவிடும்.

இந்தக் கொடி என்ன செய்யும் என்பதைக் கூடுதலாக எதிர்பார்க்காமல் புரிந்துகொள்ளவேண்டும். ஒரு மாஸ்க்கில் ஒதுக்கப்பட்ட சிபியுவும் ஒதுக்கப்படாத சிபியுவும் கலந்திருந்தால், இன்டரப்டை ஒதுக்கப்படாததற்கு அனுப்பும். உங்கள் க்யூ2-இன் மாஸ்க் 2-3. ஆகவே அது 2-க்குப் போகும், 3 தப்பிக்கும். க்யூ3 முதல் க்யூ8 வரை மாஸ்க் முழுக்க ஒதுக்கப்பட்ட சிபியுக்கள்தான். அங்கே அனுப்ப வேறு ஆள் இல்லாததால் கொடி இருந்தும் பயனில்லை, இன்டரப்ட் அங்கேயேதான் விழும். டிஸ்க் எவ்வளவு அதிகக் கியூ தருகிறதோ அவ்வளவுக்கு இந்தக் கொடியின் பலன் குறையும். சிபியுவுக்கு ஒரு கியூ கிடைக்கும் நல்ல டிஸ்க்கில் கலந்த மாஸ்க்கே இருக்காது. அட்மின் கியூவின் இன்டரப்ட், அதாவது க்யூ0, மேனேஜ்டு அல்ல. அதை மட்டும் நீங்கள் எழுதியே 0-ஆம் சிபியுவுக்கு மாற்றலாம்.

மீதி ஆறு கியூவுக்கு ஒரே வழி, 4 முதல் 15 வரையுள்ள சிபியுக்களிலிருந்து ஐ/ஓ கிளம்பாமல் பார்த்துக்கொள்வது. யார் அனுப்புகிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிளாக் பயோ கியூ என்ற ட்ரேஸ்பாயிண்ட்டை (கர்னலில் நடப்பதைக் கவனிக்கும் புள்ளியை) பெர்ஃப் அல்லது பிபிஎஃப்ட்ரேஸ் கருவி கொண்டு பிடித்து, சிபியு எண் 3-க்கு மேல் உள்ளவற்றைப் புராசஸ் பெயர்வாரியாக எண்ணினால் ஆள் அகப்படுவார். பெரும்பாலும் அது உங்கள் நிரலாகவேதான் இருக்கும். சாதாரணமாக ரைட் செய்து விட்டுவிடும் லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பால் தொல்லை இல்லை. அது பேஜ் கேச்சில் தங்கி, பின்னர் ரைட்பேக் கேவொர்க்கரால் (கர்னலின் பின்னணி த்ரெட்டால்) போகும். அந்தக் கேவொர்க்கர்கள் டொமைன் ஒதுக்கத்தை மதித்து வெளிச் சிபியுக்களில் ஓடும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் எஃப்சிங்க் (உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்லும் அழைப்பு) செய்தால், தரவு எழுதும் வேலை அழைத்த த்ரெட்டின் சிபியுவிலிருந்தே கிளம்பும். எம்மேப் செய்த (நினைவகத்தோடு இணைத்த) கோப்பை முதன்முறை தொடுவதும், லைப்ரரி பக்கங்கள் தேவைப்படும்போது டிஸ்க்கிலிருந்து வருவதும், ஸ்வாப்பிலிருந்து திரும்புவதும் அப்படித்தான். இந்த மூன்றுக்கும் தொடக்கத்திலேயே, பக்கங்களை நினைவகத்தில் பூட்டிவைக்கும் எம்லாக்ஆலை அழைப்பது பெரும்பாலும் போதும்.

லாக் எழுதுவதை 0 முதல் 2 வரையுள்ள ஒரு சிபியுவில் பூட்டிய தனி த்ரெட்டுக்குத் தள்ளிவிடுங்கள். முக்கிய த்ரெட் நினைவகத்திலுள்ள ஒரு ரிங் பஃபரில் போட்டுவிட்டுப் போகட்டும். இதைச் செய்தாலே பலருடைய சிக்கல் தீர்ந்துவிடும், இதற்குக் கர்னல் வித்தை எதுவும் வேண்டாம்.

நிரல் டிஸ்க்கைப் படித்தே ஆகவேண்டும் என்றால் ஐஓ யூரிங் (ஐ/ஓவை ரிங் பஃபர் வழியாக அனுப்பும் லினக்ஸ் வசதி) இருக்கிறது. அதன் எஸ்க்யூபோல் முறையில், ஒரு கர்னல் த்ரெட் உங்கள் சப்மிஷன் ரிங்கைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எஸ்க்யூ அஃபினிட்டி கொடியோடு அதை 2-ஆம் சிபியுவில் பூட்டுங்கள். 9-இல் ஓடும் நிரல் ரிங்கில் எழுதிவிட்டு நகரும். உண்மையான ஐ/ஓ 2-இலிருந்து கிளம்பும், க்யூ2 வழியாகப் போகும், இன்டரப்ட் 2-க்கே வரும். முடிந்த செய்தி கம்ப்ளீஷன் ரிங்கில் வந்து நிற்க, 9 அதைப் படித்துக்கொள்ளும். டைரக்ட் அல்லாத ஐ/ஓ சிலசமயம் யூரிங்கின் ஒர்க்கர் த்ரெட்டுகளுக்குத் தள்ளப்படும் என்பதால், அவற்றின் அஃபினிட்டியையும் தனியாகப் பதிவுசெய்துவிடுங்கள். உங்கள் நிலைமைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

இன்னொரு வழி இன்டரப்டே இல்லாத 'போல்' கியூ, அதாவது பதில் வந்ததா என்று திரும்பத் திரும்பப் பார்க்கப்படும் கியூ. என்விஎம்இ மாட்யூலுக்கு 'போல் கியூக்கள்' 2 என்று கொடுத்தால், 8-இல் இரண்டு இன்டரப்ட் இல்லாதவையாக மாறும். நிரல் ஐஓபோல் முறையில், டைரக்ட் ஐ/ஓவாக அனுப்பி, பதில் வந்ததா என்று தானே கியூவைப் பார்த்துக்கொண்டிருக்கும். எப்படியும் ஒரு சிபியுவை முழுதாகத் தின்னும் நிரலுக்கு இது பொருந்தும். ஆனால் மற்ற சாதாரண ஐ/ஓவுக்கு மிஞ்சுவது 6 கியூதான். 16 சிபியுவை 6-ஆகப் பங்கிடும்போது மாஸ்க்குகள் எல்லாம் மாறிவிடும், 0, 1, 2 மூன்றும் ஒரே கியூவுக்கு வரலாம். இந்த அளவுருவைத் தொட்டால் சிபியு லிஸ்ட் கோப்புகளை மறுபடி படித்துக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

ஆர்க்யூ அஃபினிட்டி என்ற அமைப்பையும் பார்த்துவிடுங்கள். இது டிஸ்க்கின் கியூ அடைவில் இருக்கும். இன்டரப்ட் வந்தபிறகு, முடிக்கும் வேலையை எங்கே செய்வது என்பதை இது முடிவுசெய்கிறது. இயல்பு மதிப்பு 1: இன்டரப்ட் வாங்கிய சிபியுவும் அனுப்பிய சிபியுவும் கடைசிநிலைக் கேச்சைப் பகிர்ந்தால் அங்கேயே முடியும், இல்லையென்றால் அனுப்பிய சிபியுவுக்கு ஐபிஐ (ஒரு சிபியு மற்றொன்றுக்கு அனுப்பும் இன்டரப்ட்) போகும். 2 என்றால் எப்போதும் அனுப்பிய சிபியுவுக்கே தள்ளும். வேகத்துக்காக 2 வையுங்கள் என்ற பொது அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது. 3-ஆம் சிபியுவைக் காப்பாற்ற இன்டரப்டை 2-க்கு அனுப்பிவிட்டு, அதே வேலையை ஐபிஐ வழியாக 3-க்குத் திருப்பி அனுப்புவதுபோல் ஆகிவிடும். 0 வைத்தால் இன்டரப்ட் விழுந்த இடத்திலேயே முடிந்துவிடும். உங்களுக்கு அது சரி. ஒரு கியூவுக்கு ஒரே சிபியு என்றிருக்கும் டிஸ்க்கில் இந்த மூன்று மதிப்புக்கும் வித்தியாசமே தெரியாது.

நெட்வொர்க் கார்டு பற்றிக் கேட்டதற்கு: பெரும்பாலான நெட்வொர்க் டிரைவர்கள் மேனேஜ்டு வகையைப் பயன்படுத்துவதில்லை. வெளியிலிருந்து எந்நேரமும் பாக்கெட் வரலாம் என்பதால் 'அனுப்பிய சிபியு இல்லையென்றால் இன்டரப்ட் தேவையில்லை' என்ற கணக்கு அங்கே பொருந்தாது. ரெய்டு கார்டு இருந்தால் மட்டும் ஒரு விதிவிலக்கு. மெகாரெய்டு எஸ்ஏஎஸ், எம்பிடி3 எஸ்ஏஎஸ் டிரைவர்களில் எஸ்எம்பி அஃபினிட்டி எனேபிள் என்று ஒரு மாட்யூல் அளவுரு உண்டு. அதை 0 ஆக்கினால் இன்டரப்டுகள் சாதாரண வகையாகிவிடும், பிறகு நீங்கள் எழுதி மாற்றலாம். அதோடு கேச் பொருத்தத்தையும் இழப்பீர்கள். என்விஎம்இ டிரைவரில் அப்படி ஒரு அளவுரு இல்லை.

பூட் வரியை மாற்றி, லாக் த்ரெட்டைப் பிரித்து, ஆர்க்யூ அஃபினிட்டியை 0 ஆக்கிய பிறகு, உங்கள் நிரலை ஒரு மணி நேரம் ஓடவிட்டு க்யூ3 முதல் க்யூ8 வரையுள்ள வரிகளைப் பாருங்கள். எண்ணிக்கை இன்னும் ஏறினால், மேலே சொன்ன ட்ரேஸை அதே நேரத்தில் எடுத்து, கர்னல் பதிப்போடு இங்கே போடுங்கள். பட்டியலில் கேபிளாக்டி கேவொர்க்கர் தென்பட்டால் கர்னல் பதிப்பு முக்கியம். பிளாக் லேயர் தன் கேவொர்க்கரை ஒதுக்கப்பட்ட சிபியுவில் ஏற்றாமல் தவிர்க்கும் திருத்தம் அண்மைக் கர்னல்களில்தான் இருக்கிறது.